அடுப்போரம் காய வைத்த செல்லில் பதிந்த பாட்டு

நான் நன்றாகப் பாடுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கூச்சம் உண்டு. கடைக்கு வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கக்கூட என் முகம் நிமிராது.

ஏற்காடு ஏரிக்குப் போகிற ரோட்டில் என் அண்ணனுடைய கடை. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், குடை, டார்ச் லைட், அதற்குப் போடுகிற செல். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தவன், முப்பது வயது தாண்டியும் தலை குனிந்து ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் பாடுவது இங்கிலீஷ் பாட்டு. சிலதை ஜாஸ் என்பார்கள், சிலதை பாப் என்பார்கள். குல்லாய் விற்கிற பாய்க்கு இது எங்கிருந்து ஒட்டியது என்று இன்றும் கேட்கிறார்கள். கரண்ட் போனால் பக்கத்து ஹோட்டலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோவேன். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். வெள்ளக்கடை கிராமத்துக்குப் போகிற வழியில் அவர் வீடு. அவருக்கும் என் வயதுதான். அவர் வாசிப்பதைச் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டேன். பிறகு அவர் வீட்டு இசைத்தட்டுகளைக் கேட்டேன். கேட்டதெல்லாம் மனதில் நின்றுவிட்டது. அர்த்தத்தை அவர் தமிழில் சொல்வார். பாதிக்கு மேல் காதலி விட்டுப்போன கதைதான்.

அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நெஞ்சை நிமிர்த்தி ஊருக்கே கேட்கப் பாட வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, பாதி வாயில் பாடலாம். தாளம் முன்னால் போய்விட்டாலும் ஓட வேண்டாம். சுமையோடு மேடு ஏறுகிறவன் போல நிதானமாகப் பின்னால் போய், வரி முடிகிற இடத்தில் சேர்ந்துகொண்டால் போதும். கூச்சக்காரனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாட்டு.

சேலத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சனிக்கிழமை தோறும் பாட ஆள் தேடுகிறார்கள் என்று பியானோக்காரர் ஒருநாள் சொன்னார். பாடிப் பதிந்து அனுப்பினால் கேட்டுவிட்டுக் கூப்பிடுவார்களாம். அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் கேட்டாள்.

"சனிக்கெழமதான் டூரிஸ்ட்டு வர்றதே. அன்னிக்குக் கடைய உட்டுட்டுப் போறானாமா?" என்றார் அண்ணன்.

"ஏனுங்க மச்சான், அவரு கடையில இருந்தாலும் இல்லாத மாதிரிதானுங்களே."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒருக்கா போ. அவங்க எடுத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேண்டாம்னுட்டா, அதுக்கப்புறம் இந்த ஊட்டுல பாட்டுப் பேச்சே கூடாது. சரியா?"

தலையாட்டினேன். பாட்டை விட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் ஸ்வெட்டர் மடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சமயம், அவர்கள் வேண்டாம் என்பார்கள் என்றும் தோன்றவில்லை.

பதிந்தது மழைக்காலத்தில், பியானோக்காரர் வீட்டில். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. அவருடைய டேப் ரெக்கார்டர் செல்லிலும் ஓடும். கடையில் விலைபோகாமல் ஈரம் ஏறிக் கிடந்த செல்களை எடுத்துப் போனேன். செல் சோர்ந்துபோனால் வெயிலில் வைப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அவர் வீட்டு விறகடுப்பின் ஓரத்தில் வரிசையாக வைத்துச் சூடு காட்டினோம்.

"பாய், செல்லு சுடுது. வெடிச்சுக்கிடிச்சுத் தொலைக்கப்போவுது."

"கொஞ்சம் காயட்டுங்க சார்."

மிஷின் ஓடியது. அவர் தன் வீட்டுப் பியானோவில் வாசிக்க, சுவரைப் பார்த்து நின்று மூன்று பாட்டுப் பாடினேன். மூன்றுமே மெதுவான பாட்டு. போட்டுக் கேட்டோம். கனமாக, நிதானமாக, நான் நினைத்தபடியே இருந்தது. மறுநாள் சேலம் பஸ் கண்டக்டரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம்.

அந்த வாரமே சேலம் ஹோட்டலிலிருந்து ஆள் வந்து சொன்னான். மேனேஜருக்கு நொம்பப் பிடித்துவிட்டதாம், சனிக்கிழமையே வரவேண்டுமாம். என் மனைவி என் ஒரே வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள்.

நானும் பியானோக்காரரும் மலைப்பாதை வளைவெல்லாம் இறங்கிச் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேனேஜர் வாசலிலேயே நின்றார். எங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"வாங்க சார். பாப்பா எங்கீங்க?"

"எந்தப் பாப்பா?" என்றார் பியானோக்காரர்.

"பாடற பாப்பாதானுங்க. போர்டே எழுதி வெச்சாச்சு."

"பாடறது இவருதானுங்க."

மேனேஜர் என் தாடியைப் பார்த்தார். "காலைல இருந்து வெளையாட ஆளு கெடைக்கலீங்களா சார்?"

ஆபீசுக்குள் கூட்டிப்போய், கரண்டில் ஓடுகிற பெரிய மிஷினில் எங்கள் கேசட்டைப் போட்டார். என் பாட்டுதான். ஆனால் ஒரு சின்னப் பெண், கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே பாடுவது போலக் கேட்டது. பியானோவும் கூடவே குதித்துக்கொண்டு ஓடியது.

பியானோக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "செல்லு பாய், உங்க செல்லு! பதியும்போது மிஷினு நொண்டிக்கிட்டு ஓடியிருக்குது. அதே மிஷின்ல போட்டதால நமக்குத் தெரியல. நல்லா ஓடற மிஷின்ல போட்டதும் பாட்டு எகிறிருச்சு."

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாங்க," என்றார் மேனேஜர். "பொண்ணு பாடும்னு சொல்லிட்டேன். வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான், முடிந்தது. ஊருக்குப் போனால் அண்ணனிடம் என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு, இந்த மனிதர் இன்னும் என்னைக் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. மிஷினைத்தான் கேட்டிருக்கிறார்.

"மூணு பாட்டுப் பாடிட்டுப் போறனுங்க," என்றேன். "புடிக்கலீன்னா சாப்பாடும் வேண்டாங்க."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மேனேஜரைவிடப் பியானோக்காரர்தான் அதிகம் திகைத்தார். பெண்ணுக்காகப் போட்டிருந்த மைக்கைக் காட்டி, "சீக்கிரம் முடிங்க," என்றார் மேனேஜர்.

ஜனங்களுக்கு முதுகு காட்டி, பியானோவைப் பார்த்து நின்றேன். முதல் பாட்டு முழுக்கத் தட்டும் கரண்டியும்தான் கேட்டன. யாரோ, "பொண்ணுன்னாங்களே?" என்றார்கள். நான் அவசரப்படவில்லை. தாளத்தை முன்னால் போகவிட்டு, என் நடையில் பின்னால் போனேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்டிச் சத்தம் குறைந்தது. திரும்பிப் பார்க்காமலே, கேட்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்றாவதை அவர்கள் கேட்பார்கள் என்று தெரிந்தே பாடினேன். முடித்ததும் பின்னாலிருந்து ஒரு அம்மாள், "முதல்ல பாடுனதை இன்னொருக்கா பாடச் சொல்லுங்க. அப்ப நாங்க பேசிட்டிருந்துட்டோம்," என்றார்.

அதையும் பாடினேன். பிறகு சாப்பிட்டோம். மேனேஜரே பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னார்.

"அடுத்த சனிக்கெழமையும் வந்துருங்க பாய்," என்றார். கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பாப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"அது கல்யாணம் கட்டிக்கிட்டு வெளியூரு போயிருச்சுங்க," என்றார் பியானோக்காரர்.

அதற்குப் பிறகு நல்ல மிஷின்களில் நிறையப் பதிந்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விரட்டி ஓட்டினாலும் வரி முடிகிற இடத்தில் அந்தக் குரல் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில் கடை திறக்கும்போது, அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் குடைகளை வெளியே மாட்டிக்கொண்டிருந்தார். கடைசிக் குடை வரைக்கும் மாட்டி முடித்தார்.

"சனிக்கெழமை உம்பொண்டாட்டிய வந்து கடையில ஒக்காரச் சொல்லு," என்றார். "அவ பேசற பேச்சுக்கு மே மாசத்துலகூட ஸ்வெட்டரு விக்கும்."