சலவைக் கடையின் முன் மேசை

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று சலவைக்கடைக்காரருக்கு ஒரு காலத்தில் பேர் இருந்தது. மனைவி இறந்துபோன பிறகு அவர் துணியை மட்டும்தான் பார்த்தார்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்ச்சாரிக் கடைக்கு நழுவினார்கள். பாதிப் பங்குக்காரனான தம்பி பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணனைச் சிறுதொழில் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டான். வகுப்பு முடிந்தும் இதே நிலைமை என்றால் முன் மேசை தம்பிக்கு, அண்ணன் பின்கட்டில் இஸ்திரிக்கு என்று ஏற்பாடு.

வாடகை மண்டபம், மடக்கு நாற்காலிகள். பக்கத்தில் ரொட்டிக்கடை அம்மாள். பயிற்சியாளர் வாயைத் திறந்தால் போதும், "இவரு ஒரு பன்னாவது வித்திருப்பாரா?" என்று இவர் காதோரம் கேட்பாள். இவர் தலையாட்டி வைப்பார்.

கடைசி வகுப்புக்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் கடைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வாடிக்கையாளராகப் போய்வந்து, கண்டதைக் கடைசி நாளில் குடும்பத்தார் உட்பட எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் அம்மாள் மண்டப வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, நேத்து திரைச்சீலை கொண்டுவந்தது யாரு?"

"எண்ணெய்க் கறை. ஓரத்துல தையல் விட்டிருந்துச்சு."

"ஆளு?"

யோசித்தார். முகம் வரவில்லை.

"நான்தான். இத்தனை வாரமா உங்க காதைத் தின்னுக்கிட்டு இருக்கேன், என்னையே தெரியலை. நிமிர்ந்தே பாக்கலையே அண்ணே." குரலை இறக்கினாள். "தம்பி உள்ள உக்காந்திருக்கார். மழுப்பிடவா?"

வெட்கமாக இருக்கிறதா என்று அவர் தனக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"வேணாம்மா. பாத்ததைச் சொல்லு."

சொன்னாள். கேலி கலக்காமல், நடந்ததை நடந்தபடி. பின்வரிசையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். பயிற்சியாளர் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். முன் மேசை தனக்கு வேண்டும் என்றிருந்த தம்பியோ தலையை நிமிர்த்தவே இல்லை.

இவர்தான் எழுந்து அவனிடம் போனார். "நாளைல இருந்து நீ முன்னாடி உக்காரு."

"இன்னும் ஒரு மாசம் பாப்போம்ணே."

"எதுக்குடா? வர்றவங்களுக்கு யாராவது முகம் குடுக்கணும்ல."

திரும்பும் வழியில் தம்பி புது விளக்கு, புதுப் பலகை என்று எதையெதையோ பேசிக்கொண்டே வந்தான். கடை வாசலில் சாவியை வாங்கும்போதுதான் கேட்டான்.

"வருத்தமா இருக்காண்ணே?"

"வந்தா சொல்றேன்" என்றார்.