விசில் ஊதினால் வைஃபையை அணைக்க வேண்டும்

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டார், விசிலை விடவில்லை. ஞாயிறு காலையில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் நாத்தனார் வீடியோவில் கூப்பிடுவாள். உடனே ஹாலிலிருந்து ஒற்றை விசில் கேட்கும். ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். அதாவது வீட்டில் மற்ற எல்லாரும் அவரவர் வைஃபையை அணைக்க வேண்டும். பேசி முடித்ததும் இரட்டை விசில். அதுதான் ரைட்.

எங்கள் பழைய ரூட்டரின் லட்சணம் அப்படி. கணவரின் லேப்டாப், கொழுந்தனின் விளையாட்டு, மாமியாரின் சீரியல் எல்லாம் சேர்ந்தால் நாத்தனாரின் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஓடும். அணைத்தாலும் முகம் கலங்கல்தான். வைஃபை இல்லாமல் ரூமில் உட்கார்ந்து என்ன செய்வது? முணுமுணுத்துக்கொண்டே ஹாலுக்கு வந்து ஒரே போனுக்கு முன்னால் தலையை நீட்டுவோம். அவள் போய் நான்கு வருடமாகிறது. லீவு கிடைத்தபாடில்லை.

"ஒரு தடவ அவ முகத்தத் தெளிவாப் பாத்துட்டா போதும்மா" என்பார் மாமனார். பாவமாக இருக்கும். ஞாயிறும் விடாத என் ஆபீஸ் வேலை விசிலுக்கு விசில் அறுந்துபோகிற எரிச்சல் வேறு. புது ரூட்டர் வாங்கிவிட்டேன்.

அதை மாட்ட வந்தவர் மாமனாரிடம் மாட்டிக்கொண்டார்.

"பழசு ஒவ்வொருத்தராத்தான் கவனிக்கும் சார். ஒருத்தர் லேட் பண்ணா மத்தவங்க எல்லாம் காத்துக்கிட்டு நிக்கணும். இது ஒரே நேரத்துல நாலஞ்சு பேரக் கவனிக்கும். போன் எந்த ரூம்ல இருக்கோ அந்தப் பக்கமா சிக்னலத் திருப்பியும் விடும்."

"ஒரே பஸ்ஸுல நாலு கண்டக்டர்னு சொல்லுங்க" என்றார் மாமனார். "குடுத்து வச்ச பஸ்ஸு!"

அடுத்த ஞாயிறு விசிலே இல்லை. சீரியல் ஓடியது, விளையாட்டு ஓடியது, மாமனாரின் நாற்காலிக்குப் பின்னாலேயே இருக்கும் என் ரூம் கதவைத் திறந்து வைத்து நானும் மீட்டிங்கில் இருந்தேன். ஹாலில் மாமனார் மட்டும். போனில் நாத்தனாரின் முகம் பளிச்சென்று வந்தது.

"என்னம்மா இப்படி எளச்சுட்ட? கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. எங்க எல்லாரும்? விசில் ஊதலையா?"

"இனிமே எதுக்கும்மா? அவங்கவங்க ரூம்ல நிம்மதியா இருக்காங்க."

அவள் பேசவில்லை. முன்பெல்லாம் இப்படி ஆனால் லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். இப்போது உதடு துடிப்பது வரை தெரிந்தது.

"அழறியாம்மா?"

"இல்லப்பா. நெட்டுதான் சரியில்ல."

நான்கு வருடமாக இதே பதிலைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம்.

மாமனார் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார். யாரும் எதையும் அணைக்கவில்லை. சீரியலை ஓடவிட்டு மாமியார் வந்தார், ஆட்டத்தைத் தோற்றுவிட்டுக் கொழுந்தன் வந்தான், கணவர் வந்தார், மீட்டிங் கிடக்கிறது என்று நானும் போனேன். பழையபடி முட்டி மோதித் தலையை நீட்டினோம்.

நாத்தனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்பா, ரைட் மட்டும் குடுத்துடாதீங்க."

மாமனார் விசிலைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டார்.