ஏழு பேர் குடித்த தண்ணீர்

இருபத்திரண்டு வருடமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். தினமும் விடியற்காலையில் தொட்டித் தண்ணீரை முதலில் தானே ஒரு டம்ளர் குடித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் வால்வைத் திருகுவார். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை.

போன வாரம் எந்தப் புண்ணியவானோ வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டுவிட்டுப் போனான். 'இந்த மாதம் இறந்த ஏழு பேரும் தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள்!' அடியில் கேன் தண்ணீர்க் கம்பெனியின் போன் நம்பர்.

கூட்டம் பம்ப் அறையை வளைத்துக்கொண்டது. "குடிச்சாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுய்யா!"

"குடிச்சாங்க. ஊரே இதைத்தானே குடிக்குது! அதுல ஒருத்தருக்குத் தொண்ணூறு வயசு, இன்னொருத்தர் லாரியில அடிபட்டுச் செத்தாரு!"

முதல் வார்த்தையை மட்டும் வெட்டியெடுத்து செல்போனில் ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். "ஆபரேட்டரே ஒத்துக்கிட்டாராம்."

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் புதுக் கேன். மனைவி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பொய்யின்னே வச்சுக்குங்க. புள்ளைங்க இருக்கற வீடு, எதுக்கு வம்பு?"

மறுநாள் விடியற்காலை டம்ளரை வாயருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை. மறுபடி முகர்ந்தார்.

தண்ணீரைத் தரையில் ஊற்றினார். பிறகு, ஊருக்கு வால்வைத் திறந்துவிட்டார்.