தேங்காயெண்ணெய் தேய்த்த கைப்பிடி

“…அதுதான் சொல்லுறன், துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இப்ப இவர் துவக்கொண்டைக் கொண்டந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறார். அதிலையும் பிடி போலியெண்டால், இண்டைக்கே அது வெளியிலை.”

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் மேல்வீட்டு அக்கா இப்படிச் சொன்னபோது நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ‘இவர்’ என்றது அவர் கணவரை; எங்களுக்கு அவர் அண்ணை. அந்தப் பழைய றிவோல்வர், அவர் ஓய்வு பெற்ற அன்று பட்டறை மைஸ்டர், அதாவது தலைமை வினைஞர், கொடுத்த பரிசு. மைஸ்டருடைய பூட்டனார் காலத்தது, இனிச் சுடாது. ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை என்று மைஸ்டர் சொல்லியிருந்தார். அந்தச் சொல் பொய்யாகிவிடுமோ என்பதுதான் அண்ணையின் கவலை.

அசலா என்று பார்த்துச் சொல்ல வந்தவர், அண்ணையோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரர். பழைய துவக்குகள் சேர்ப்பவர். கைப்பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். இத்தனை வயதான மரம் இப்படிப் புதிதுபோல் மினுங்காதாம். பிறகு யாரோ மாற்றிப் பூட்டியிருக்கலாமாம். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வழக்கே வென்றிருந்தது.

அப்போதுதான் அண்ணை மெல்ல ஒப்புக்கொண்டார். ஆயுதபூசைக்குச் சுத்தியல், குறடுகளோடு இதையும் படைத்தாராம். சாமிக்கு முன்னால் மங்கலாக வைக்கலாமா? அதனால் கைப்பிடிக்குத் தேங்காயெண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்தாராம். ஆயுதபூசையை ஜெர்மன் மொழியில் “கருவிகளின் பிறந்தநாள்” என்று விளங்கப்படுத்தினார். வந்தவர் கேக்கும் வெட்டினீர்களா என்று கேட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கைப்பிடியின் ஆணியைக் கழற்றினார். எண்ணெய் எட்டாத உட்புறம் பனங்கட்டி நிறத்தில் கறுத்திருந்தது. அதில் பொறித்திருந்த எண்தான் இரும்பிலும் இருந்தது. மறுபடி பூட்டி, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகத்தால் வருடினார். எங்கும் தடக்கவில்லை.

“இரண்டும் ஒன்றாகவே தேய்ந்து கிழடாகியிருக்கின்றன. அசல்தான். ஆனால் இனி எண்ணெய் வேண்டாம்” என்றார். அண்ணை அப்போதுதான் மூச்சு விட்டார்.

“ஒண்டாத் தேஞ்சதுதான் அசலோ? அப்ப இவரையும் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ. உள்ளுக்கை என்ர நம்பர்தான் கிடக்கும்” என்றார் அக்கா. பிறகு எழுந்து போய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நல்ல கோப்பைகளை ஒரு துவக்களவு இடம் வரும்வரை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.