வேலியில் கிள்ளிய டீ

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மார்த்தா, தன் தோட்டத்து ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளந்தளிரில் டீ போட்டுத் தந்தார். எலுமிச்சை மணத்தோடு, பாலில்லாமலே ருசித்தது.

மறுநாள் எங்கள் அப்பார்ட்மென்ட் வேலியிலும் அதே மாதிரித் தளிர். கறிவேப்பிலை கிள்ளிப் பழகிய கை சும்மா இருக்குமா? கிள்ளி வந்து கொதிக்கவைத்து, மார்த்தாவையும் அழைத்தேன்.

கோப்பையை எடுத்தவர், சமையல் மேடையில் மிச்சமிருந்த தளிரைப் பார்த்ததும் முகம் மாறி, "திஸ் இஸ் யூ" என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்து, "யெஸ், ஒன்லி மீ" என்றேன் பெருமையாக.

இருவர் கோப்பையையும் சிங்க்கில் கொட்டிய பிறகுதான் விளக்கினார். அந்தச் செடியின் பெயரே 'யூ'வாம். விஷமாம். நல்லவேளை, நானும் வாய் வைத்திருக்கவில்லை.

இப்போது அவர் பறித்துத் தரும் தளிரில் மட்டும்தான் டீ. வாங்கும்போதே, "நாட் யூ?" என்று கேட்டுவிடுவேன்.

"நோ, ஒன்லி மீ" என்பார் மார்த்தா.