தலையில் அடி, விவரம் இல்லை

கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. நேற்று வில்லியனூர் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வெட்டிய கரும்பின் பச்சை வாசனை மற்றவர்களுக்குப் பொங்கலை ஞாபகப்படுத்துமாம். எனக்கு அந்த வாசனை ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன் என் பழைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் கோடிங்கில் இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. படித்தது விலங்கியல், கல்லூரியில் தவளையைக்கூட ஒழுங்காக அறுத்ததில்லை. ஆனாலும் உறுவையாறில் எங்கள் தெருவுக்கு நான்தான் டாக்டரம்மா. யாருடைய மருந்துச் சீட்டும் என்னிடம் வரும். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பனியில் வழுக்கியவர்கள், ஏணியிலிருந்து விழுந்தவர்கள் என்று தினமும் வருவார்கள். டாக்டர் 'தலையில் அடி' என்று மட்டும் எழுதியிருந்தால், எலும்பு உடைந்ததா, நினைவு தப்பியதா என்று நாமாக ஊகிக்கக் கூடாது. "டாக்டர் எழுதாதத நீ எழுதாதம்மா" என்பார் டீம் லீடர். அதற்கென்றே ஓர் எண் உண்டு. எஸ் ஜீரோ நைன் பாயின்ட் நைன் ஜீரோ: விவரம் குறிப்பிடாத தலைக்காயம். நாங்கள் பார்த்தவரை அந்த எண் விழுந்தவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆபீசில் யாராவது கதவில் இடித்துக்கொண்டால் "நைன்ட்டிதான், விடு" என்று சிரிப்போம்.

கஸ்தூரி எதிர்வீட்டுக்காரி, ஆபீசில் பக்கத்து சீட்டு, என் வண்டியில் பின்சீட்டு. ஹெல்மெட் என் தலையில் மட்டும். ஒருநாள் காலையில் டிராக்டரிலிருந்து விழுந்து கிடந்த கரும்பில் சக்கரம் ஏறி இருவரும் சாய்ந்தோம். அவள் பின்மண்டை ரோட்டில் இடித்தது. தானாகவே எழுந்தாள். "ஒண்ணுமில்லடி, சுடிதார்தான் கிழிஞ்சிபூடுச்சி" என்றாள்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். 'தலையில் அடி' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. "ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க" என்று நர்ஸ் வாயால் சொன்னாள். வீட்டில் கஸ்தூரியின் அம்மா சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னாடி எழுதிக்கீறாங்க? ஸ்கேனு எடுக்கணுமா?"

"வாணாம் அத்தை. இது நைன்ட்டி கேஸ், தினம் பாக்குறேன். தூங்கட்டும்."

கஸ்தூரி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பித்தம் என்றேன். அதுவே யாரோ ஒரு அமெரிக்கரின் கேஸ் ஷீட்டில் இருந்திருந்தால் வாந்தியைத் தனியாகக் குறித்திருப்பேன். மத்தியானம் தூங்கியவளை விளக்கு வைக்கும் நேரத்தில் எழுப்ப முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மண்டையோட்டில் விரிசல் விட்டு உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. மறுநாள் காலை போய்விட்டாள்.

கடைசியாகக் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது. எந்தப் பக்கம், எந்த எலும்பு, எவ்வளவு ரத்தம். விவரம் இல்லை என்றால் காயம் சின்னது என்று அர்த்தமில்லை, யாரும் இன்னும் உள்ளே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லித் தந்திருந்தார்கள்.

கருமாதி முடிந்த அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்ச பொண்ணு. அன்னைக்கே ஸ்கேனு எடுத்திருந்தா பொழச்சிருப்பாளாடி?"

"உறுதியா சொல்ல முடியாது அத்தை."

தலையை ஆட்டிக்கொண்டாள். என்னை நம்பினாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை.

அந்த வேலையை விட்டுவிட்டேன். நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியில் இப்போது ஜவுளிக்கடை. எண் போடுவதைக் கம்ப்யூட்டரே பாதி செய்துவிடுகிறதாம். பிழைத்திருப்பாள் அத்தை, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட எத்தனையோ முறை எதிர்வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். போன ஆடியில் அத்தையும் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது.