மரக்கட்டையின் குறுக்கே ஒரு கோடு

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், கார்ஹிங் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். படித்தது இயற்பியல். ஆனால் புதிதாக வரும் இந்தியர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன் என்றுதான் பெயர் வாங்கினேன். எந்தத் தாளுக்கு எந்த முத்திரை என்று தெரிந்தவனுக்கு ஜெர்மனி சொர்க்கம்.

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் ஆங்கிலேய ஓவியர் குடியிருந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஓவியம் படிக்கப் போன இடத்தில் மரச்செதுக்கைப் பிடித்துக்கொண்டு, லண்டனில் இருபது வருடம் புத்தகங்களுக்குப் படம் செதுக்கியவர். ஐம்பது வயதில் வண்ணத்தில் மலை வரைய வேண்டும் என்று இங்கே வந்துவிட்டார். காலையில் தூரிகை, மதியத்துக்குமேல் உளி. உள்ளங்கை அளவு கடின மரத்தில் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுப்பார்.

அவருடைய தங்கும் அனுமதி முடியவிருந்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் ஓவியர் என்று எழுதினால் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. பாதிக் கட்டம் காலியாக இருந்தது. ‘மரச்செதுக்கர், அச்சிடுபவர்’ என்று சேர்த்தேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. செதுக்குவதும் அச்சிடுவதும் கைத்தொழில். அதற்கு அந்தத் தொழிலில் ஜெர்மனி வழங்கும் தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாததால் அனுமதி நீட்டிக்கப்படாது. மாதக் கடைசிக்குள் அவர் கிளம்பவேண்டும்.

“அவர் சொன்ன ஒரு வார்த்தையோட விட்டிருக்கலாம்ல?” என்றாள் மனைவி. “கட்டம் காலியா இருந்தா உங்களுக்குக் கை அரிக்கும்.”

அவர் படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டதற்கான கடிதங்களை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு அவருடன் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அவற்றைத் தொடவில்லை. ஓவியர் கொண்டுவந்திருந்த மரக்கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியில் ஈசார் ஆற்றங்கரை. மூன்று மாத வேலை. இதில் எத்தனை படம் எடுக்கலாம் என்று கேட்டார். ஆயிரம்கூட எடுக்கலாம் என்று ஓவியர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அப்படியானால் இது அச்சகம்தான் என்றார் அதிகாரி. இல்லை, ஐம்பதோடு நிறுத்துவோம், பிறகு யாரும் அச்சிட முடியாதபடி கட்டையைக் கீறிவிடுவோம், அதுதான் எங்கள் வழக்கம் என்றார் இவர்.

“கீறினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு என்னிடம் தாள் இல்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ஓவியர் கோட்டுப் பையிலிருந்து உளியை எடுத்தார். கட்டையை மேசைமேல் வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை ஆழமாக ஒரு கோடு இழுத்தார். ஆறு, கரை, மரங்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே.

அதிகாரி பாதி எழுந்துவிட்டார். கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“வேலை தெரிஞ்ச எந்தத் தொழிலாளியும் நல்ல கட்டையை இப்படிக் கெடுக்கமாட்டான்,” என்றார். என் துல்லியத்தை அடித்துவிட்டு, ‘கலைஞர்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

படியிறங்கும்போது, ஐம்பதும் எடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

“பதினொண்ணு,” என்றார். “வானம் சரியா வரலை, விடுங்க.”

அதில் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வானத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர் இன்னும் ஒன்பது வருடம் மேல்மாடியில் இருந்து, வேண்டிய மட்டும் மலை வரைந்தார். அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக்கொண்டார். சரிபார்த்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டார்.